கட்டிலைச் சுற்றி ஓர் அரைச்சுவர்

தொழிலாளர் தங்குகிற கேம்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, முதல் நாள் உங்கள் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். தண்ணீர் டேங்க், ஜெனரேட்டர், மூட்டைப்பூச்சி மருந்து, பஸ் நேரம் எல்லாம் சொல்லித் தருவார்கள். ஒரு வாரத்தில் அது பழகிவிடும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

யாரும் சொல்லித் தராத வேலை ஒன்று இருக்கிறது. டூட்டி முடிந்து வருகிற ஆள் எந்தப் பக்கம் முகத்தை வைத்து உட்காருகிறான், கதவைத் திறந்ததும் யாரைப் பார்க்கிறான், எங்கே நின்று சட்டையைக் கழற்றுகிறான், இதையெல்லாம் முடிவு செய்வது நீங்கள்தான். கட்டிலை நீங்கள் போடுகிற விதத்தில்தான் அவன் நல்லவனாக இருப்பதும் சள்ளைக்காரனாக இருப்பதும் பாதி இருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து கிளம்பி பம்பாய், சலாலா, குவைத், ஷார்ஜா என்று சுற்றியவன். ஓர் ஊரில் இரண்டு வருஷம் இருந்தால் எனக்குக் கால் நிலைக்காது. லாரிக்கு அடியில் படுத்திருக்கிறேன், கன்டெய்னரில் படுத்திருக்கிறேன், சமையலறை மேடைக்குக் கீழே ஒரு கோடைக்காலம் முழுக்கப் படுத்திருக்கிறேன். படுத்த இடத்தையெல்லாம் கவனித்துப் பார்த்ததுதான் என் படிப்பு.

முதலில் ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். குவைத்தில் அப்பாசியாவில் ஒரு ஃபிளாட்டில் பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் இடம் மட்டும், வாடகைக்கு எடுத்து இருந்தேன். ஹாலில் ஒரு பெரிய ஃபிரிட்ஜ். எல்லோருடைய குழம்பும் அதில்தான் இருக்கும். பசித்தவன் பசித்ததை எடுத்துத் தின்பான். தின்றவன் மறுநாள் ஒரு தயிர் டப்பாவோ முட்டையோ வாங்கி வைத்துவிடுவான். யாரும் கணக்குப் பார்த்ததில்லை. ஒரு நாள் ஒருத்தர் வைத்திருந்த மீன் வறுவல் காணாமல் போயிற்று. அவர் சத்தம் போட்டார். ஃபிளாட்டை எடுத்து நடத்தியவர் நல்ல மனசோடுதான் ஒரு காரியம் செய்தார்: ஃபிரிட்ஜுக்குள் கம்பி வைத்துத் தட்டு தட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சின்னப் பூட்டு போட்டார். அடுத்த மாதத்துக்குள் இரண்டு பூட்டு உடைக்கப்பட்டது. தண்ணீர் பாட்டிலில் பேர் எழுதி ஒட்டினார்கள். பூட்டுக்கு முன்னால் எடுத்தது எடுத்ததுதான். பூட்டு வந்த பிறகு அதே காரியம் திருட்டு ஆகிவிட்டது. ஆட்கள் மாறவில்லை. ஃபிரிட்ஜ்தான் மாறியது. நான் அங்கிருந்து கிளம்பும்போது ஒரே வீட்டில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

இப்போது ஷார்ஜா.

கட்டடங்கள் மழைக்காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சஜ்ஜா பக்கம் எங்கள் கம்பெனிக்கு மூன்று மாடி கேம்ப். ரூமுக்கு எட்டுப் பேர், மேலும் கீழுமாக இருவர் படுக்கிற அடுக்குக் கட்டில் நான்கு. நீங்கள் இப்போது பார்க்கிற கேம்ப்கள் வேறு. அப்போது எந்த ரூமுக்குள் போனாலும் முதலில் துணிதான் கண்ணில் படும். ஒவ்வொரு கட்டிலையும் சுற்றிக் கயிறு கட்டி, லுங்கி, பெட்ஷீட், பழைய போர்வை, கிடைத்ததைத் தொங்கவிட்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கும். உள்ளே அந்த ஆறடிக்கு மூன்றடிதான் அவனுடைய வீடு. அதற்குள் சாமி படம், மொபைல் சார்ஜர், ஊறுகாய் பாட்டில், ஒரு குட்டி ஃபேன்.

கீழ்த்தளத்தில் ஒரு ரூம். தமிழும் தெலுங்கும் கலந்த ரூம். கேம்பிலேயே நல்ல ரூம் அதுதான். ஒரே அடுப்பில் சேர்ந்து சமைத்து, ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதில் சூசை என்று ஒரு வெல்டர். கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் வந்தவன். அவன் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். அவன் கட்டிலுக்குத் திரை, அவளுடைய ஒரு பழைய வாயில் சேலை. சாயங்காலம் குளித்துவிட்டு அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டு அவளோடு பேசுவான். அடுத்த கட்டில் தங்கராசு. பெரம்பலூர்க்காரன், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்பெண்டர், வாய் நிறைய நக்கல். சூசைக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, வாந்தி எடுத்ததைக் கழுவிவிட்டவனும் அவன்தான்.

வேறொரு கேம்பில் தீப்பிடித்தது. கட்டிலில் தொங்கிய துணியில் வயர் பொறி பட்டுப் பரவியது என்றார்கள். எங்கள் சேஃப்டி ஆபீசர் உடனே உத்தரவு போட்டார்: எல்லா ரூமிலும் துணி இறங்க வேண்டும். உத்தரவு சரியானதுதான். நான்தான் ரூம் ரூமாகப் போய்க் கயிறுகளை அறுத்தேன். ரூம்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. காற்று வந்தது. எல்லோரும் எல்லோரையும் பார்க்க முடிந்தது. இனி இன்னும் ஒட்டுறவாக இருப்பார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

நடந்தது நேர்மாறு. முன்பு பாயில் உட்கார்ந்து கதை அடித்தவர்கள் இப்போது வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். லைட்டுக்குச் சண்டை. ஒருத்தன் அணைப்பான், ஓவர்டைம் முடிந்து வருகிறவன் போடுவான், திரை இல்லாததால் எல்லோர் கண்ணிலும் அடிக்கும். மாடிப்படியில் படிக்கு ஒருத்தனாக உட்கார்ந்து வீட்டுக்குப் பேசினார்கள். ஒரே அடுப்பு இரண்டாயிற்று, பிறகு மூன்றாயிற்று.

இதைக் கவனியுங்கள் தம்பிகளே. துணி சத்தத்தைத் தடுக்காது. சூசை அவன் மனைவியிடம் பேசியதெல்லாம் முன்பும் தங்கராசு காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் திரை தொங்கியவரை அவனுக்கு அது கேட்கவில்லை. அதாவது, கேட்காத மாதிரி இருப்பதுதான் அங்கே மரியாதை. அந்த மரியாதையைத் தாங்கிக்கொண்டிருந்தது ஒரு முழத் துணி. துணியை நாங்கள் அவிழ்த்ததும் மரியாதையும் சேர்ந்து அவிழ்ந்துவிட்டது.

ஒரு நாள் காலை, பஸ்ஸில், அத்தனை பேர் நடுவில் தங்கராசு குரலை மாற்றிப் பேசினான்.

"‘பால் குடிச்சியா பிள்ளே? வவுறு மேல கை வையி பிள்ளே, நான் தடவுறேன்னு நெனச்சுக்க.’ எலே சூச, போன்ல தடவுனா எட்டுமாடா?"

பஸ்ஸே சிரித்தது. அன்று சாயங்காலம் சூசை வந்து, கயிறு கட்டி, சேலையைத் தொங்கவிட்டுவிட்டான். மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன்னால் ஆபீசர் ரவுண்டு வந்தார். சேலையைப் பிடித்து இழுத்தார். கட்டிலிலிருந்து எழுந்த சூசை அவர் மார்பில் கைவைத்துத் தள்ளிவிட்டான். ஆபீசர் கதவில் போய் மோதினார்.

அந்த நேரம் நான் தண்ணீர் லாரிக்காரனோடு நின்றிருந்தேன். ஓடி வருவதற்குள் ஆபீசர் வண்டி எடுத்துப் போய்விட்டார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த ரூமிலிருந்து ஒருத்தனும் ஏறவில்லை. எட்டுப் பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கராசுவும்தான்.

"நீ ஏன்டா ஏறல?" என்றேன்.

"அவனத் தனியா வுட்டுட்டு எப்படிண்ணே போறது?"

"பஸ்ல நக்கலடிச்சவன் நீதான?"

"அது வேறண்ணே. இது வேற."

டூட்டிக்குப் போகாமல் ஒரு ரூமே உட்கார்ந்தால் அந்த நாட்டில் அதற்கு ஒரு பெயர்தான் உண்டு: ஸ்ட்ரைக். அந்தப் பெயரை மேனேஜர் காகிதத்தில் எழுதிவிட்டால் பிறகு அவரே நினைத்தாலும் அழிக்க முடியாது. ஆபீசர் மேல் கைவைத்தவனுக்குத் திரும்ப வர முடியாதபடி தடை முத்திரையோடு விசா கேன்சல். சூசை கையில் சேலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்கு அனுப்பிருவாவளோண்ணே?"

"அனுப்பலாம்."

"பிள்ளையப் பாக்கப் போலாமின்னா எனக்கும் ஆசதான். ஆனா தடை அடிச்சு அனுப்பினா, ஒரு நாளு பிள்ளையத் தூக்கி வச்சுப் பாக்கலாம். பெறவு அதுக்கு என்னத்தக் குடுத்து வளக்க? எனக்க அப்பன் கடலுக்குப் போயி வரல. எனக்கு வெல்டிங்க விட்டா வேற தொழிலு தெரியாது."

நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிற நேரத்தில் ஒரு வேலை செய்யலாம். ரூமைச் சுற்றிப் பார்த்தேன். வெல்டர் ஒருத்தன், கார்பெண்டர் இரண்டு பேர், ஜிப்சம் போர்டு போடுகிறவர்கள் இரண்டு பேர். மேனேஜர் வண்டி கேட்டுக்குள் நுழைகிற சத்தம் கேட்டபோதுதான் யோசனை வந்தது.

மேனேஜர் பாலஸ்தீனக்காரர். கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. அவர் இந்தியும் இங்கிலீஷும் அரபியும் கலந்து பேசுவார். நானும் அப்படியே பதில் சொல்வேன்.

"எத்தனை பேர் ஏறவில்லை?"

"எட்டுப் பேர் சார். நான்தான் நிறுத்தி வைத்தேன்."

"நீயா?"

"கேம்பில் வேலை இருக்கிறது. கட்டிலுக்குத் தடுப்புப் போட வேண்டும். அதற்கான ஆட்கள் எல்லாம் இந்த ரூமில்தான் இருக்கிறார்கள்."

என்னையே பார்த்தார். நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

தம்பிகளே, கோபத்தில் இருக்கிற மேலதிகாரியிடம் நியாயம் பேசாதீர்கள். அவர் இறங்கி வர ஒரு படி போட்டுக் கொடுங்கள். எட்டுப் பேரை அனுப்பினால் எட்டுப் பேருக்கு அவர்தான் ஆள் தேட வேண்டும். அவரும் அந்தப் படியைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

"சரி, கேம்ப் டூட்டி என்று போடு," என்றார். "ஆனால் முத்து, கை வைத்தானே ஒருத்தன். அதற்கும் ஏதாவது டூட்டி பெயர் வைத்திருக்கிறாயா?"

"அதை ஆபீசர் சொல்லட்டும் சார்."

"மத்தியானத் தொழுகைக்குப் பிறகு, விசாவைக் கேன்சல் செய்ய அவன் பாஸ்போர்ட்டை வாங்க ஆள் வருவான். அதற்குள் சேஃப்டி ஆபீசர் கையெழுத்துப் போட்டு ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் அவன் இருக்கட்டும். இல்லாவிட்டால் கலாஸ், முடிந்தது. அதற்கு மேல் மாஃபி, பேச்சே கிடையாது."

ஆக, எனக்கு அரை நாள் கிடைத்தது. உடனே பிக்கப்பை சைட்டுக்கு அனுப்பி, மிச்சம் கிடந்த ஜிப்சம் போர்டுகளை அள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். கட்டடத்துக்குள் அறைகளைப் பிரிக்கப் போடுகிற அந்த வெள்ளைப் பலகை சுலபத்தில் தீப்பிடிக்காது. பிறகு ஆபீசருக்குப் போன் போட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், தமிழில் பேசலாம்.

"நான் வரமாட்டன். நீங்கள் வேணுமெண்டால் மேனேஜரோட கதையுங்கோ."

"மன்னிப்புக் கேக்க உங்களக் கூப்பிடல சார். ஒரு வேலை செய்யிறோம். தப்பா இருந்தா நீங்க சொல்லணும்."

வேலை என்றதும் வந்துவிட்டார். அவர் அப்படிப்பட்டவர். சூசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னார்:

"நான் துணியோட சண்டை பிடிக்கேல்ல, முத்து. புகையோடதான் பிடிக்கிறன். அந்தத் தீப்பிடிச்ச கேம்பில பாத்தனான். ஒருத்தன் கதவுக்கு நாலு அடி தள்ளி விழுந்து கிடந்தவன். கதவு எங்க எண்டு தெரியேல்ல அவனுக்கு."

"உங்களுக்குத் துணி வேண்டாம். இவங்களுக்கு மறைவு வேணும். துணி இல்லாத மறைவு ஒண்ணு இருந்தா?"

"இருந்தா எனக்கென்ன வயித்தெரிச்சலே? காட்டுங்கோ."

நான் ஏற்கெனவே மனசில் போட்டு வைத்திருந்ததைக் காட்டினேன். கட்டில்களுக்கு நடுவே இரும்பு பீரோக்களை நிறுத்தி, மிச்ச இடத்தில் பலகையை மேல்வரை அடைப்பது. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு குட்டி அறை. பையன்கள் பீரோக்களை நகர்த்தி நிறுத்தினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆபீசர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, சன்னல் பக்கத்துக் கட்டிலிலிருந்து தரையில் இறங்கித் தவழ ஆரம்பித்தார். புகையில் மாட்டியவன் அப்படித்தான் வருவானாம், தரையோடு தரையாக, கையால் தடவிக்கொண்டு. இரண்டாவது பீரோவில் மண்டை டங் என்று மோதியது. வலப்பக்கம் திரும்பினார், அங்கே இன்னொரு பீரோ. அப்படியே உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார்.

"நான் செத்துப் போனன்," என்றார். "அடுத்தது ஆர்?"

தங்கராசு சிரித்துவிட்டான். ஆபீசரும் நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தார். காலையிலிருந்து அந்த ரூமில் முதல் சிரிப்பு அது. என் யோசனை பாதிதான் சரி என்பது எனக்குப் புரிந்தது. அவர் யோசனையும் பாதிதான். இரண்டு பாதியும் ஒரே தரையில் உட்கார்ந்தால்தான் ஒரு ரூம் ஆகும்.

பீரோக்களை எல்லாம் பின்சுவருக்குத் தள்ளினோம். கட்டில்களை இரண்டு பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சன்னலிலிருந்து கதவுவரை நேரான ஒரு வழி விட்டோம். அந்த வழியில் ஒரு செருப்புகூட இருக்கக்கூடாது என்றார் ஆபீசர். அடுத்தது, ஏறி இறங்க இடம் விட்டுக் கட்டிலைச் சுற்றி வைக்கிற பலகையின் உயரம். மேல்வரை அடைத்தால் உள்ளே ஆள் இருக்கிறானா என்றே தெரியாது, அது சவப்பெட்டி என்றார் அவர். தாழ்வாக வைத்தால் மறைவே இல்லை என்றேன் நான். சண்டை முற்றவே, தங்கராசுவைப் பிடித்து சூசையின் கட்டிலில் படுக்க வைத்தேன். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"படு. தெரியுதா சார்?"

"காது தெரியுது. கொஞ்சம் உசத்துங்கோ."

"இப்போ எழுந்திரி. படு. எழுந்திரி."

"என்னண்ணே, எக்சர்சைஸ் வாத்தியாரா நீங்க?"

படுத்தால் ஆள் மறைந்துவிட வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் தலையும் தோளும் வெளியே தெரிய வேண்டும். அந்த உயரத்தில் பென்சிலால் கோடு போட்டோம். தங்கராசு உள்ளேயே படுத்துக் கிடந்தான்.

"என்னடா, எழுந்திரி."

"இருங்கண்ணே." புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளிருந்து சொன்னான்: "இங்கேர்ந்து பாத்தா ஒருத்தரும் தெரியலண்ணே. நல்லாருக்கு."

சூசை அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். தங்கராசு எழுந்து வந்தான். வராந்தாவில் சூசை பலகையைத் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்கு வெல்டிங் வைக்க உட்கார்ந்தபோது, தங்கராசு தானாகப் போய் அந்த இரும்பு ஆங்கிளைப் பிடித்துக்கொண்டான்.

"நேராப் பிடி லே. பல்லக் காட்டிட்டு நிக்காத."

"நீ மொதல்ல ஒழுங்கா வெல்டிங் ஊதுடா. என் கைய ஊதிராத."

பக்கத்தில் ஆபீசர் தீயணைக்கிற சிலிண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் தள்ளியவன் வேலை செய்கிறான், அவனுக்குத் தீப்பட்டால் அணைக்க அவர் நிற்கிறார். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கீழ்க்கட்டில்களுக்கு முடித்து, மேல்கட்டில்களுக்கும் அதே அளவில் பலகை வைத்து, வயர்களையெல்லாம் சுவரோரம் ஏற்றிக் கட்டியபோது வெளியே தொழுகைக்கு அழைப்புக் கேட்டது.

ஆபீசர் மறுபடி கண்ணைக் கட்டினார். சன்னல் ஓரத்திலிருந்து பலகையைத் தடவிக்கொண்டே தவழ்ந்தார். பலகை அவர் கையை நேராகக் கதவுக்குக் கொண்டுபோய் விட்டது. வாசலைத் தாண்டி வராந்தாவில் எழுந்து நின்றார். பிறகு திரும்பி, அன்றைக்கு முதன்முறையாக சூசையின் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப நீர் வாரும்."

சூசை கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். அவனும் தட்டாமல் முட்டாமல் வாசலுக்கு வந்து சேர்ந்தான். எழுந்தவனின் தோளை ஆபீசர் பிடித்து நிறுத்தினார்.

"காலமை நீர் தள்ளினது எனக்கு நோகேல்ல. ஆனா எனக்கு ஒரு பயம் இருந்தது, அதை நான் உம்மட்டைச் சொல்லேல்ல. இழுத்துப் போட்டன். விளங்குதோ?"

"விளங்குது சார். நானும் சொல்லல. தள்ளிப் போட்டேன்."

"அப்ப சரி."

பாஸ்போர்ட் வாங்க வந்த ஆள் கேம்ப் ஆபீஸில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆபீசர் எழுதிக் கொடுத்ததை மேனேஜர் வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பி, "யல்லா முத்து, மற்ற ரூம்களுக்கு எப்போது?" என்றார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

மற்ற ரூம்களுக்கும் ஒவ்வொன்றாகப் போட்டோம். அதன் பிறகு அந்த கேம்பில் துணியை அறுக்க நான் கத்தியோடு போனதில்லை. லைட் சண்டை தானாக நின்றது, வெளிச்சம் பலகையோடு நின்றுவிடும். மாடிப்படிகள் காலியாயின. நடுவில் விட்ட வழியில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பாய் விரித்துச் சுருட்டிக்கொண்டார்கள். அடுப்புகள் மூன்றிலிருந்து மறுபடி ஒன்றுக்கு வந்தன. ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் ஆள் ஒளிந்தே கிடப்பான் என்று சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. தனக்கென்று ஓர் இடம் உறுதியாக இருக்கிறது என்று தெரிந்தவன்தான் பயமில்லாமல் பாயில் வந்து உட்காருகிறான். படுத்தால் தனி, எழுந்து உட்கார்ந்தால் கூட்டம். இரண்டில் எது வேண்டும் என்று அவன் முதுகெலும்பே முடிவு செய்துகொள்ளும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

எனக்கு அதிகப் பெருமை தருவது வேறொன்று. அடுத்தவன் பலகைக்கு மேலாக எட்டிப் பார்க்கும் முன் விரல் முட்டியால் பலகையை இரண்டு தட்டு தட்டுவது என்று ஒரு வழக்கம் அந்தக் கேம்பில் வந்தது. நான் சொல்லவில்லை. நோட்டீஸ் ஒட்டவில்லை. எந்த ரூமில் தொடங்கியது என்றும் தெரியாது. புதிதாக வந்த ஆந்திராப் பையன்கள், பீகார் பையன்கள் எல்லாம் வந்த வேகத்தில் கற்றுக்கொண்டார்கள். ஊரில் அண்ணன் தம்பி அறைக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பழகியவர்கள் அவர்கள். லீவில் போனபோது வீட்டிலும் கை தானாகக் கதவைத் தட்டியது, பெண்டாட்டி சிரித்தாள் என்று ஒருத்தன் வந்து சொன்னான். ஒரு பலகை ஒருத்தனுடைய குணத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு கம்பெனியின் எஞ்சினியர்கள் வந்து அளந்து, அழகாகப் படம் வரைந்து, மற்ற கேம்ப்களுக்கும் அனுப்பினார்கள். அதில் என் பெயர் இல்லை, ஆபீசர் பெயரும் இல்லை. தங்கராசு படுத்து எழுந்த உயரம் மட்டும் அப்படியே இருந்தது.

சூசைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்து சில நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பைப் ஒழுகுகிறது என்று கூப்பிட்டதால் அந்த ரூம் பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. பாயில் நாலைந்து பேர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சூசையின் பலகைக்குப் பின்னாலிருந்து மெல்லிய பேச்சு கேட்டது. வெங்காயம் உரித்தவர்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை. குரலை மட்டும் தணித்துக்கொண்டார்கள். பிறகு சூசை எழுந்து உட்கார்ந்தான். தலையும் தோளும் பலகைக்கு மேலே வந்தன. முகமெல்லாம் சிரிப்பு. காதிலிருந்து போனை எடுத்து, ஸ்பீக்கர் பட்டனை அழுத்தி, பலகையின் விளிம்பில் வைத்தான்.

"கேளுங்க லே."

குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் ரூம் முழுக்க நிறைந்தது. மேல்கட்டில் தெலுங்குக்காரர் கீழே குதித்தார். தங்கராசு வெங்காயக் கையோடு எழுந்து போய், போனுக்கு வாய் வைத்து, "ஏ குட்டி, நான் பெரியப்பன் பேசுறேன்டி" என்றான். அந்தப் பக்கம் சூசையின் மனைவி சிரித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அந்தப் பட்டனை அழுத்து என்று சூசையிடம் நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. அவனாகத்தான் அழுத்தினான். அவன் அழுத்தும்படியான ஒரு ரூமைப் போட்டது நான். வாசலில் நின்று குழந்தை அழுது ஓயும்வரை கேட்டுவிட்டு, பைப்பைப் பார்க்கப் போனேன்.